காலண்டர் தெரிகிறது

ஏகாம்பரகுப்பத்தில் இந்த அறையை
வாடகைக்கு எடுத்ததே சத்தத்துக்காகத்தான்.
சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி.
இரவு பதினொன்றிலிருந்து இரண்டு வரை
நாங்கள் என்ன செய்தாலும்
லுங்கி நெய்கிற சத்தம்தான் தெருவுக்குக் கேட்கும்.

செஞ்சையா கட்டிலை நகர்த்துவான்.
நான் வட்ட விளக்கை நாற்காலியில் கட்டுவேன்.
அவனுக்கு முப்பத்தாறு, எனக்கு முப்பத்தொன்று.
திரையில் இருவருக்கும் இருபத்தெட்டு.
முகமூடி திருத்தணியில் வாங்கியது,
கறுப்பு, ஓரத்தில் ஜிகினா.
வியர்த்தால் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு
மறுநாள் டீக்கடையிலும் மினுங்கும்.

பச்சைப் புள்ளி எரிந்ததும்
அவன் தெலுங்கை விட்டுவிடுவான், நான் தமிழை.
இருவரும் ஒருவிதமான இந்தியில் முனகுவோம்.
நாணயம் விழும் ஓசை போனில்
உண்டியல் மாதிரி வராது,
கோழி தகரத்தைக் கொத்துகிற மாதிரி வரும்.
ஐம்பதுக்குச் சட்டை.
இருநூறுக்கு முத்தம்.
அதற்கு மேலே உள்ளதை
ஆங்கிலத்தில் போட்டிருக்கிறோம்.
எங்கள் இரண்டு மொழியிலும் அதற்கெல்லாம்
திட்டுகிற சொற்கள்தான் இருக்கின்றன.

போன வருஷம் தறி இறக்கும்போது ஒடிந்த
அவன் இடது முழங்கை
புத்தூர்க் கட்டில் கூடியது, கொஞ்சம் கோணலாக.
முழுசாக நீட்ட வராது.
தழுவும்போது அந்தக் கை மட்டும்
பாதி வழியில் நின்றுவிடும்.
பார்க்கிறவர்கள் அதை வெட்கம் என்று நினைத்து
காசு போடுவார்கள்.

ஆடியில் ஒரு வெள்ளி.
நூற்றுத் தொண்ணூறு பேர்.
எழுத்துகள் எறும்பாக மேலே ஏறிக்கொண்டிருந்தன,
திரும்பு, இன்னும் கிட்டே வா, முகத்தைக் காட்டு.
நடுவில் ஒரு வரி தமிழில்:
'பின்னால தொங்குறது நம்ம முத்தைய செட்டி நூல் கடை காலண்டர்.'

நம்ம.

செஞ்சையாவின் தோளில் என் கை அப்படியே நின்றது.
அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது.
'ஏமி?' என்றான், உதடு அசையாமல்.
நேரலை. பாதியில் நிறுத்தினால்
கம்பெனிக்காரன் முழு இரவின் காசையும் பிடித்துக்கொள்வான்.
அதனால் முத்தமிட்டேன்,
யாரும் இருநூறு போடாமலே,
கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

மறுநாள் ஊரே என்னைப் பார்த்தது.
இல்லை, நான்தான் ஊரைப் பார்த்தேன்.
சைசிங் மில் கணக்கர் பேனாவை மூடிய விதம்.
புத்தூர் பஸ் கண்டக்டரின் விரல்
சில்லறையோடு என் உள்ளங்கையில்
ஒரு கணம் கூடுதலாகத் தங்கியது.
செட்டி கடையில் நூல் எடை போடுகிற மனிதர்
தராசைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தது.
நகரி மலையின் மூக்கு மட்டும்
என்னைக் கண்டுகொள்ளாமல் வானத்தை முகர்ந்துகொண்டிருந்தது.

காலண்டரைக் கழற்று என்றான் செஞ்சையா.
ஊரையே மாற்றலாம், தடா பக்கம் அறை கிடைக்கும் என்றான்.
சரியென்று ஆணியில் கை வைத்தபோதுதான்
உறைத்தது.
மிரட்டுகிறவன் கேட்பான்.
இவன் அந்த வரியோடு கொடுத்திருந்தான்,
நூற்றியொரு நாணயம்.
டில்லிக்காரனும் துபாய்க்காரனும் நூறு போடுவார்கள்.
மேலே ஒன்று வைப்பவன்
மொய் எழுதிப் பழகியவன்.

எந்தக் கல்யாணத்துக்கு, என்று
நான் செஞ்சையாவிடம் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி, பதினொன்றுக்கு முன்னால்,
முகமூடிக் கயிற்றை ஒருவருக்கொருவர் முடிந்துவிட்டு
காலண்டரில் ஏழு தாளைக் கிழித்தேன்.
ஒரு வாரமாகப் பழைய தேதியே தொங்கிக்கொண்டிருந்தது.
'எவரி கோசம்?' என்றான்.
எனக்குத் தெரியாது.
கணக்கரோ, கண்டக்டரோ, தராசுக்காரரோ,
நான் இன்னும் பார்த்தே இராத ஒருவனோ.
இந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர் இல்லை,
அவ்வளவுதான் தெரியும்.

செஞ்சையா கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு ஆணியைப் பிடுங்கி,
விளக்கு நன்றாக விழுகிற இடம் பார்த்து,
கோணல் கையால் பிடித்து, நல்ல கையால் அடித்தான்.
தறி ஓடிக்கொண்டிருந்தது.
அடித்த சத்தம்
எனக்கே சரியாகக் கேட்கவில்லை.